இன்னொரு சுற்றுப் பின்னல்

1974ஆம் ஆண்டு, சித்திரை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயில் திருவிழா. இடம், இலங்கை மலையகத்தில் மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். அன்று அங்கே இருந்தவர்களில் சிலர் அது 1973 என்று இன்னும் என்னோடு வாதிடுகிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1973 திருவிழாவில் வீட்டுக்கு ஒரு பொங்கல் பானை இருந்தது. நான் சொல்லும் திருவிழாவில் அரிசி கிடைக்காமல் மூன்று லயத்துக்காரர்கள் (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சேர்ந்து ஒரே பானையில் பொங்கினார்கள். பானையை வைத்துத்தான் ஆண்டைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பதுளையில் உறவினர் வீட்டில் தங்கிச் சாதாரண தரம் (பத்தாம் வகுப்பு) வரை படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தோட்டத்துக்கே திரும்பியிருந்தேன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவர். நான் காலையில் இரவல் புத்தகங்களைப் படிப்பேன், மாலையில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பஸ் வருவதையும் போவதையும் பார்ப்பேன். என்னைப் போலவே அந்தக் கல்லைச் சுற்றி இன்னும் பலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பசறைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வயது போதாது. பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போக வயது கூடிவிட்டது. (பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை.) இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பையன்கள் ஆற்றோரம் கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் காய்ச்சுபவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார்கள், சீட்டாட்டத்துக்குக் காவல் நின்றார்கள். பெண் பிள்ளைகளைத் தேடி ஒருவர் கொழும்பிலிருந்து வருவார். பங்களாக்களில் வீட்டு வேலைக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கும் தரகர். பிள்ளைகள் அவரைக் "கொழும்பு மாமா" என்று கூப்பிட்டார்கள். வரும்போதெல்லாம் பிஸ்கட் கொண்டுவருவார். அவர் கூட்டிக்கொண்டு போன கீழ் லயத்துப் பிள்ளை ஒன்றைப் பற்றி ஒரு வருஷமாக எந்தத் தகவலும் இல்லை. எந்த வீடு, எந்தத் தெரு என்று கேட்டால், "நல்ல எடம், கவலைப்படாதீங்க" என்பதுதான் பதில்.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு முப்பது வயதிருக்கும். பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. எல்லோருக்கும் அவர் ஆயாக்கா. ஒரு நாள் நான் கல்லில் உட்கார்ந்திருந்தபோது தலையில் விறகோடு நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, பஸ்ஸை எண்ணித் துரைக்குக் கணக்குக் கொடுக்கிறீங்களா?"

நான் அசடு வழிந்தேன்.

"காம்பரா நாலு மணிக்குப் பூட்டுனா காலையிலதான் தெறக்குது. சும்மா கெடக்குற எடத்துல, சும்மா கெடக்குறதுகளக் கொண்டாந்து போட்டா என்ன? படிச்சவர் நீங்களும் சும்மாதான கெடக்குறீங்க."

இப்படித்தான் எங்கள் மாலை வகுப்பு தொடங்கியது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் ஆயாக்காதான் போய்ப் பேசினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், சுவரில் எதையும் எழுதக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. நாடகம், கும்மி, பாட்டு என்று ஆரம்பித்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் மாதம் பிள்ளைகள் கலைக்காக வரவில்லை. ஆயாக்கா தன் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுப்பார் என்று வந்தார்கள். அந்த நாட்களில் பல வீடுகளில் மாலையில் அடுப்பு புகையவில்லை.

"அண்ணே, இன்னைக்கிக் கெழங்கு மொதல்லயா, ஆட்டம் மொதல்லயா?" என்பார்கள்.

"ஆட்டம்."

"அப்பச் சுருக்கா ஆடுவோம்!"

சுருக்கமாக ஆடத் தொடங்கியவர்கள் எப்போது நீளமாக ஆடத் தொடங்கினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேதி குறிக்கிற பழக்கம் உள்ள எனக்கே அந்த நாள் பிடிபடவில்லை.

பின்னல் கோலாட்டம் ஆயாக்காவின் யோசனை. தான் பிறந்த தோட்டத்தில் சிறு வயதில் ஆடியிருக்கிறாராம். ஒரு கம்பத்தின் உச்சியில் இரும்பு வளையம். அதிலிருந்து எட்டுத் துணிக் கயிறுகள் தொங்கும். எட்டுப் பேர் ஆளுக்கொரு கயிற்றை இடக்கையில் பிடித்துக்கொள்வார்கள், வலக்கையில் கோல். நாலு பேர் ஒரு பக்கமாகவும் நாலு பேர் எதிர்ப்பக்கமாகவும், ஒருவரை ஒருவர் உள்ளும் புறமுமாகத் தாண்டி ஆடினால் கம்பத்தின் மேலிருந்து சடைபோலப் பின்னல் இறங்கும். பின்னல் இறங்க இறங்கக் கயிறு குறுகி, ஆடுகிறவர்கள் கம்பத்தை நெருங்கி வருவார்கள். இனி நெருங்க முடியாது என்னும்போது பாடுகிறவர் பாட்டை மாற்றுவார். அதுதான் அடையாளம். எல்லோரும் திரும்பி, வந்த வழியே ஆடினால் பின்னல் அவிழும். ஒரே ஒருவர் கயிற்றை விட்டாலும் போதும், சிக்கலாகிவிடும். பழகத் தொடங்கிய வாரம் ஒரு பையன் ஓணானைக் கண்டு கையை விட்டான். அந்தச் சிக்கலைப் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியதாயிற்று.

கோலுக்குச் செலவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த மிலாறுக் குச்சிகளைச் சீவிக்கொண்டோம். கயிற்றுக்காகப் பதுளைக்குப் போனேன். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியை எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே தெரியும்.

"கயிறு என்னத்துக்குத் தம்பி? மாடு கட்டவா?"

"இல்ல நானா, புள்ளைகளுக்கு."

"புள்ளைகளக் கட்டிப் போடவா?" என்று கேட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். துணிச் சுருள்களின் ஓரத்திலிருந்து கிழித்த நீளமான கரைத் துண்டுகளை, நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தார். "நல்லா முறுக்கிப் பின்னிக்கோங்க. இல்லாட்டி அறுந்திடும்" என்றார்.

சிவப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டவள்தான் நான் சொல்ல வந்த பிள்ளை. பதின்மூன்று வயது, வயதை மீறிய உயரம். அடி தவறியவர்களின் தலையில் கோலால் லேசாகத் தட்டிவிட்டு, தன் அடி தவறாமல் அடுத்த ஆளைத் தாண்டுவாள். அவளுடைய தகப்பன் இறந்து இரண்டு வருஷம். தாய் கொழுந்து பறிப்பவர். அந்த ஆண்டு தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. இவளுக்குக் கீழே இன்னும் மூன்று பிள்ளைகள். கடைசிக் குழந்தை ஆயாக்காவின் காம்பராவில்.

அந்தத் தாய் அதிகம் பேசாதவர். மாலையில் குழந்தையைத் தூக்கிப் போகக் கடைசி ஆளாக வருவார், காம்பரா வாசலில் நிற்பார், போவார். ஒரு நாள் நாங்கள் பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தபோது வாசலிலிருந்து, "அந்த எடம் அப்புடி இல்ல" என்றார். ஆயாக்கா, "அப்ப எப்புடி? நீயே சொல்லு" என்றார். குழந்தையை இடுப்பில் வைத்தபடி, உள்ளே வராமல், அவர் பாடினார்.

பின்னிப் பின்னி வா பொண்ணே, பிச்சிக் கொடி போல...

எட்டுப் பிள்ளைகளும் அசையாமல் நின்றார்கள். இரண்டாம் பாதியையும் அவரே பாடினார்.

அவுந்து அவுந்து போ பொண்ணே, ஆத்துத் தண்ணி போல...

அன்றிலிருந்து எங்கள் பாட்டுக்காரி அவர்தான். ஆனால் கடைசிவரை காம்பராவுக்குள் வந்து உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றே பாடுவார்.

திருவிழாவில் கோயில் முன்னால் ஆடலாம் என்று பூசாரி சம்மதித்தார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "சாமி முன்னால பின்னுனா, சாமி முன்னால அவுத்து முடிக்கணும். பாதியில கை விட்டா தோட்டத்துக்கே ஆகாது. மழையோ இடியோ, பின்னல் நிக்கிறப்ப ஒருத்தரும் கயித்த விடக்கூடாது, வெளியாள் உள்ள கால் வைக்கக்கூடாது." இது அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் அறிந்த கட்டுப்பாடுதான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் சிவப்புக் கயிறு இரண்டு நாள் ஆளில்லாமல் தொங்கியது. மூன்றாம் நாள் ஆயாக்கா விசாரித்துக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கொழும்பு மாமா வந்திருக்கிறார். பிள்ளையை அனுப்பத் தாய் ஒப்புக்கொண்டுவிட்டார்.

நானும் ஆயாக்காவும் அவர்களுடைய காம்பராவுக்குப் போனோம். (லயத்தில் குடும்பத்துக்கு ஒதுக்கிய அறையையும் காம்பரா என்றுதான் சொல்வோம்.) தாய் மரவள்ளி இலையை அரிந்துகொண்டிருந்தார். அன்றைய சாப்பாடு அது. நான் படித்ததையெல்லாம் பேசினேன். சின்னப் பிள்ளை, முகவரி தெரியாத வீடு, கீழ் லயத்துப் பிள்ளைக்கு என்ன ஆனது என்றெல்லாம் அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இலையை அரிந்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"போய்ச் சோறாவது திங்கட்டும் தம்பி. இங்க நாலுக்கும் இலையத்தான் அவிக்கிறேன். நீங்க ஒரு வழி சொல்லுங்க, அனுப்பல."

பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்து, தன் கோலின் நுனியைக் கண்ணாடித் துண்டால் வழவழப்பாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பும்போது, "அண்ணே, ஆட்டத்துக்கு வருவேன். ஆடிட்டுத்தான் போறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

தாய் அதை மட்டும் தரகரிடம் கேட்டு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் பூசை முடிந்ததும் ஆட்டம். அது முடிந்ததும் பிற்பகல் பஸ்ஸில் பதுளை, அங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயில். எங்கள் ரோட்டுக்கு அதற்குப் பிறகு அன்று வேறு பஸ் கிடையாது. "ஒரு ஆட்டந்தானே, ஆடட்டும். நாம என்ன கல்நெஞ்சக்காரங்களா?" என்றாராம் கொழும்பு மாமா. அவரைப் பற்றி நியாயமாகவும் எழுத வேண்டும். அவரும் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை இழுத்துக்கொண்டே போனது. மலைக்குப் பின்னால் மழை கறுத்துக்கொண்டிருந்தது. தரகர் தேய்த்த சட்டையோடு ரோட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தீபாராதனை முடிந்து பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி நின்றபோது, தாய் கோயில் படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இடுப்பில் கடைசிக் குழந்தை, காலடியில் மாச்சாக்கில் தைத்த ஒரு பை. மகளின் மாற்றுடுப்பு அதில் இருந்தது.

தப்படிப்பவர் அடியைத் தொடங்கினார். தாய் பாடினார். எட்டுக் கோல்களும் ஒரே நேரத்தில் தட்டின. நான் எத்தனையோ முறை பார்த்த ஆட்டம்தான், ஆனால் வெயிலில், இத்தனை சனத்துக்கு முன்னால் பார்த்ததில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பின்னல் கம்பத்தில் இறங்கியது. சீட்டாட்டத்துக்குக் காவல் நின்ற பையன்கள் இருவர் அதில் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தில் இருந்த கவனத்தைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையே, "இவனுகளா அவனுக?" என்றார்.

கயிறு குறுகிப் பிள்ளைகளின் தோள்கள் உரசத் தொடங்கியதும் தாய் பாட்டை மாற்றினார். அவுந்து அவுந்து போ பொண்ணே. எல்லோரும் திரும்பினார்கள். பின்னல் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. தரகர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பையை எடுக்க நகர்ந்தார். கம்பத்தின் உச்சியில் ஒரு சாண் பின்னல்தான் மிச்சம். இன்னும் நாலைந்து தாண்டல்.

அந்த இடத்தில் தாய் மறுபடி முதல் பாட்டை எடுத்தார். பின்னிப் பின்னி வா பொண்ணே.

பிள்ளைகள் ஒரு நொடி திகைத்தார்கள். முதலில் திரும்பியது சிவப்புக் கயிறு. அவள் தாயைப் பார்க்கவில்லை, கோலைப் பார்த்தபடியே திரும்பினாள். மற்ற ஏழு பேரும் அவளோடு திரும்பினார்கள். பின்னல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

பாவம், சனத்தைப் பார்த்துப் பயந்து பாட்டு மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆயாக்கா காதோரம், "என்ன தம்பி, பாட்டு மாறிப்போச்சு?" என்றார். மறந்திருப்பார் என்றேன். "அவளுக்கா?" என்றார் ஆயாக்கா.

இரண்டாவது முறையும் தோள்கள் உரசின. இரண்டாவது முறையும் அவிழ்க்கும் பாட்டு வந்தது. இரண்டாவது முறையும் உச்சியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது பின்னும் பாட்டு வந்தது. இந்தத் தடவை பிள்ளைகள் திகைக்கவில்லை. தப்படிப்பவர் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிறகு கீழே இருந்த பையைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அடியை உரத்துப் போட்டார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆயாக்கா என் கையை இறுகப் பிடித்தார். கூட்டத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தாயோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்கள்.

தரகரும் விளங்கிக்கொண்டார்.

"என்னம்மா இது? போதும், நிறுத்தச் சொல்லு!"

தாய் பாடிக்கொண்டிருந்தார். தரகர் ஆட்டத்துக்குள் இறங்கப் போனார். பூசாரி விபூதித் தட்டோடு குறுக்கே வந்து நின்றார்.

"பின்னல் நிக்கிது. உள்ள கால் வைக்காத."

"பஸ்ஸு வருது சாமி!"

"வரட்டும். அதுவும் கும்பிட்டுட்டுப் போகட்டும்."

கூட்டம் சிரித்தது. வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கோயிலுக்குக் கீழே பாலத்தடியில் பஸ் நின்றது. தரகர் பாதி வழி ஓடி, கையை ஆட்டி நிற்கச் சொன்னார். டிரைவர் சிங்களவர், அந்த ரோட்டில் பல வருஷம் ஓடியவர். தலையை வெளியே நீட்டி, "வாரதா, இல்லையா?" என்று தமிழில் கேட்டார். நல்ல மனிதர், காத்திருந்தார். அவர் காத்திருந்த ஒவ்வொரு நிமிஷமும் எங்களுக்கு நெருப்பாக இருந்தது. பின்னல் மூன்றாம் முறையாகக் கீழே இறங்கிவிட்டது. தோள்கள் உரசின. இதற்கு மேல் பின்ன முடியாது. தாய் அவிழ்க்கும் பாட்டை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தார், குரல் கரகரத்தது. சின்னவன் ஒருவன் சுற்றி வரும்போது என்னைப் பார்த்து, "அண்ணே, கால் வலிக்குது" என்றான். அவனுக்கு முன்னால் போனவள் திரும்பாமலே, "கயித்த விட்டே, கெழங்கு கெடையாது" என்றாள். போகப்போகிற பிள்ளை அவள்தான்.

ஹார்ன் மறுபடி கேட்டது. தரகர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிள்ளை இல்லாமல் அவர் தனியாகப் போய் என்ன செய்வது? உச்சியில் ஒரு சாண் இருக்கும்போது தாய் இன்னொரு முறை பின்னும் பாட்டை எடுத்தார். இந்தத் தடவை கூட்டம் முழுவதும் பாடியது.

பஸ் கிளம்பிவிட்டது.

அதன் சத்தம் அடுத்த வளைவில் கேட்டது, அதற்கடுத்த வளைவில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அதுவரை தாய் பாட்டை மாற்றவில்லை. பிறகு அவிழ்க்கும் பாட்டை மெதுவாக எடுத்தார். ஒவ்வொரு தாண்டலாக, கடைசித் தாண்டல் வரை பாடினார். எட்டுக் கயிறுகளும் தனித்தனியாகத் தொங்கின. பூசாரி கற்பூரம் காட்டினார். அப்போது மழையின் முதல் துளிகள் விழுந்தன.

தரகர் வேர்த்து விறுவிறுத்து மேலே ஏறி வந்தார். "வேணும்னுதானே செஞ்ச?"

"சாமி பாட்டுங்கண்ணே. அதும் பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"நாளைக்கிக் காலையில வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்."

"வாங்க. வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார் தாய். பிறகு அதே குரலில், "புள்ள வராது" என்றார்.

மகள் அதற்குள் பையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். ரோட்டுப் பக்கம் இல்லை, லயத்துப் பக்கம்.

இதோடு முடித்தால் கதைபோல இருக்கும். ஆனால் மறுநாளும் அந்த வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு இலைதான். வழி சொல்லுங்கள் என்று அவர் கேட்டது எங்கள் இருவருக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆயாக்கா கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றார். கைக்குழந்தைகளின் பால் போத்தல் கழுவவும் தண்ணீர் தூக்கவும் தனக்கு ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தன்னால் முடியாது என்று பெரிய குரலில் முறையிட்டார். முந்தின நாள் கோயிலில் கணக்கப்பிள்ளையும் கடைசிச் சுற்றில் பாடியவர்தான். அவர் மனைவி அதைப் பார்த்திருக்கிறார். அதனாலோ என்னவோ, பெரிதாக மறுக்கவில்லை. பிள்ளைக்குப் பகலில் காம்பராக் கஞ்சியும் கொஞ்சம் கைச்செலவும் கிடைத்தன. காம்பராவுக்குப் பின்னாலிருந்த காட்டுப் புதரை எங்கள் மாலை வகுப்புப் பையன்கள் வெட்டி மரவள்ளி நட்டார்கள். கசிப்புக்குத் தண்ணீர் சுமந்த அதே வாளிகளில் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் தடுத்துவிட்டோம் என்று நான் எழுத மாட்டேன். அந்த ஆண்டு கீழ் டிவிசனிலிருந்து பிள்ளைகள் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. எங்கள் மாலை வகுப்பிலிருந்து மட்டும் ஒருவரும் போகவில்லை. தரகர் அடுத்த மாதம் வந்தபோது பிள்ளைகள் அவர் கொடுத்த பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டு, "மாமா, பின்னல் ஆட வாறீங்களா?" என்று கேட்டார்களாம். பதுளைக்குப் போனபோது துணிக்கடைக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் அப்பவே கேட்டேனே தம்பி, புள்ளைகளக் கட்டிப் போடவான்னு" என்றார். ஆனால் இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கட்டுத் துணிக்கரையை எடுத்து என் கையில் வைத்தார்.

அடுத்த ஆண்டு எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துப் பண்டாரவளைப் பக்கம் போய்விட்டேன். 1979இல் ஒரு விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது மாலையில் காம்பராவிலிருந்து கோல் சத்தம் கேட்டது. உள்ளே புதிய பிள்ளைகள். நடுவில் நின்று அடி சொல்லிக்கொடுத்தவள் அவள். பகலில் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் இது. அடி தவறிய ஒருவனின் தலையில் கோலால் லேசாகத் தட்டினாள். ஆயாக்கா கிழங்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். தாய் வழக்கம்போல வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்ததைத் தாயிடம் கேட்டேன். அன்றைக்கு வீட்டிலிருந்து வரும்போதே இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தீர்களா?

"இல்ல தம்பி. அனுப்பணும்னுதான் வந்தேன். பையெல்லாம் கொண்டாந்தேன்ல. அந்தக் கடைசி எடம் வந்துச்சு, வாயி வரல. அம்புட்டுத்தான்." பிறகு உள்ளே பார்த்து, "அந்த எடம் அப்புடி இல்ல" என்று மகளைத் திருத்தினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூட விழாக்களில் பின்னல் கோலாட்டம் பார்த்துவிட்டேன், சில இடங்களில் நானே பழக்கியும் இருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கயிற்றைப் பார்க்கும்போது நான் மட்டும் பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், உச்சியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும் அந்த இடத்தில் யாருக்காவது இன்னொரு சுற்றுத் தேவைப்படுமோ என்று.